குதிரைக்கு லாய ஓய்வு: உள்ளே போக மறுக்கும் குதிரையைக் கையாளுதல்

லாய ஓய்வு என்பது காயம் பட்ட, நோயுற்ற அல்லது அறுவை செய்யப்பட்ட குதிரையை, மருத்துவர் குறிக்கும் காலம் வரை லாயத்துக்குள்ளேயே நிறுத்தி ஆற விடும் முறையாகும். இது சில நாட்களில் முடியலாம். காலின் தசைநாண் கிழிந்திருந்தால் பல மாதங்கள் நீளலாம். குதிரையின் கால் காயங்கள் பலவற்றுக்கு மருந்தை விட ஓய்வே பெரிய சிகிச்சை. ஆனால் நடந்துகொண்டே இருப்பதற்கென்று படைக்கப்பட்ட விலங்குக்கு நிற்பதே சிகிச்சை என்பதுதான் இதில் உள்ள சிக்கல். ஓய்வு தொடங்கிச் சில நாட்களில் பல குதிரைகள் லாய வாசலில் வந்து நின்றுவிடும். இழுத்தால் பின்வாங்கும், அடித்தால் முன்னங்கால்களைத் தூக்கும். அந்த அரை நிமிடத் தள்ளுமுள்ளில், இரண்டு மாதம் ஆறிய கால் மறுபடி கிழிந்துபோவதுண்டு.

தமிழ்நாட்டில் இன்று குதிரை வளர்ப்போர் குறைவு. கோயில் திருவிழா, திருமண ஊர்வலம், கடற்கரைச் சவாரி, பந்தயம் ஆகியவற்றுக்காகவே பெரும்பாலும் வளர்க்கிறார்கள். திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை வட்டாரங்களில் மாட்டு வண்டிப் பந்தயத்தோடு குதிரை வண்டி எல்கைப் பந்தயமும் தார்ச்சாலையில் நடக்கும். அவற்றை அடுத்துள்ள பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் குதிரை வைத்திருப்பவருக்கு முழு நேரக் குதிரைக்காரரோ, குதிரைக்கென்றே தனி மருத்துவரோ அருகில் கிடைப்பது அரிது. காயம் பட்ட குதிரையை வீட்டாரே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆகவே இதன் அடிப்படைகளை அறிந்திருப்பது பயன் தரும்.

ஓய்வு ஏன் தேவை

குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. எலும்பும் தசைநாணும் தோலும் மட்டுமே உண்டு. பேச்சு வழக்கில் இதனை 'நரம்பு' என்பார்கள். உண்மையில் இது தசையையும் எலும்பையும் இணைக்கும் நாண். ஓடும்போது முன்னங்காலின் பின்புறத் தசைநாண், நீட்டிய ரப்பரைப் போல் உடலின் முழு எடையையும் தாங்கித் திரும்பச் சுருங்குகிறது. தார்ச்சாலையில் வேகமாக ஓடித் திரும்பும் குதிரைக்கும், களைத்த பின்னும் ஓட்டப்படும் குதிரைக்கும் இந்த நாணின் இழைகள் அறுகின்றன. இடம் வீங்கும், தொட்டால் சூடாக இருக்கும், குதிரை நொண்டும்.

அறுந்த இழைகளை உடல் முதலில் ஒட்டுப்போட்டது போல்தான் இணைக்கிறது. புதிதாக உருவாகும் இழை வலுவற்றது, ஒழுங்கின்றிப் பின்னிக் கிடப்பது. அது வலுப்பெற்று, இழுவிசையின் திசையில் வரிசைப்பட 9 முதல் 12 மாதங்கள் வரை ஆகும். ஆனால் வீக்கமும் நொண்டலும் சில வாரங்களிலேயே மறைந்துவிடும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நொண்டாத குதிரை ஆறிய குதிரை அல்ல. நன்றாக நடக்கிறதே என்று வண்டியில் பூட்டியதால் நிரந்தரமாக நொண்டியான குதிரைகள் ஏராளம்.

எலும்பில் மயிரிழை விரிசல், குளம்புக்குள் ஏற்படும் அழற்சி, ஆழமான வெட்டுக்காயம் ஆகியவற்றுக்கும் லாய ஓய்வு சொல்லப்படுகிறது. தசைநாண் காயத்தில் ஓய்வு என்றால் அசையாமல் நிற்பது என்று பொருளல்ல. முதல் நாட்கள் கடந்த பின், கயிற்றில் பிடித்து நிதானமாக நடத்துவது சிகிச்சையின் பகுதியே. 5 நிமிடத்தில் தொடங்கி வாரக்கணக்கில் கூட்டிக்கொண்டே போவார்கள். அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இந்த நடை முடிந்து திரும்பும் வேளையில்தான் 'உள்ளே போக மாட்டேன்' என்ற சண்டை தொடங்குகிறது.

குதிரை ஏன் மறுக்கிறது

திறந்த வெளியில் வாழும் குதிரை ஒரு நாளின் பெரும்பகுதியை மேய்ந்தபடி நடப்பதிலேயே கழிக்கும். கூட்டமாக வாழும். ஆபத்து என்றால் ஓடுவதுதான் அதற்குத் தெரிந்த முதல் தற்காப்பு. நான்கு சுவருக்குள் தனியாக நிற்பது இந்த மூன்றையும் பறிக்கிறது. மாட்டை வைத்துக் குதிரையை அளப்பது தவறு. படுத்து அசைபோடும் மாடு கொட்டகையில் நிம்மதி அடையலாம்; குதிரை அசைபோடும் விலங்கு அல்ல.

பார்வையும் ஒரு காரணம். குதிரையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் உள்ளதால் ஏறக்குறைய முழு வட்டத்தையும் அது பார்க்கிறது. ஆனால் நெற்றிக்கு நேர் முன்னே சிறிது தூரமும், வாலுக்கு நேர் பின்னேயும் அதற்குத் தெரியாது. இரவில் மனிதரை விட நன்றாகப் பார்த்தாலும், வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு மாறும்போது அதன் கண் பழகுவதற்கு மனிதக் கண்ணை விட அதிக நேரம் எடுக்கும். பெரம்பலூர் வெயிலில் காலை 10 மணிக்கு வெளியே நின்ற குதிரைக்கு, சன்னல் இல்லாத லாயத்தின் வாசல் கரும்பள்ளமாகத் தோன்றும். அது பிடிவாதம் அல்ல. கால் வைக்கும் இடம் தெரியாமல் நிற்கிறது, அவ்வளவே.

வலி மூன்றாவது காரணம். முதலில் ஐயுற வேண்டியதும் இதுவே. உயரமான வாசற்படி, உள்ளே போனதும் குறுகிய இடத்தில் திரும்ப வேண்டியிருப்பது, வழுக்கும் சிமெண்டுத் தரை ஆகிய ஒவ்வொன்றும் அடிபட்ட காலுக்கு வலியைத் தரும். நேற்று வரை அமைதியாக நுழைந்த குதிரை இன்று திடீரென மறுத்தால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று பொருள். கால் மோசமாகியிருக்கலாம். வாசல் நிலையில் இடுப்பு இடித்திருக்கலாம். வைக்கோலுக்குள் பாம்போ பெருச்சாளியோ புகுந்திருக்கலாம். மூத்திரம் ஊறிய படுக்கையிலிருந்து அம்மோனியா நெடி எழலாம். தகரக் கூரை பிற்பகலில் அடுப்பாகக் காய்ந்திருக்கலாம். சவுக்கை எடுக்கும் முன் ஒரு முறை லாயத்துக்குள் தனியே போய்ப் பத்து நிமிடம் நின்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

கடைசிக் காரணம் பழக்கம். லாயத்துக்குள் போனால் கதவு சாத்தப்படும், அடுத்த நாள் வரை வெளியே வர முடியாது என்பதைக் குதிரை இரண்டு மூன்று நாளில் கற்றுக்கொள்கிறது. வாசலில் நின்றால் இன்னும் சிறிது நேரம் வெளியே இருக்கலாம் என்பதையும் கற்கிறது. முன்னங்காலைத் தூக்கியதும் பயந்து கயிற்றைத் தளர்த்தினால், தூக்கினால் கயிறு தளரும் என்ற மூன்றாவது பாடத்தையும் நாமே சொல்லிக்கொடுத்தவர்களாகிறோம். வகுப்பறையில் அழுதால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கற்றுக்கொள்ளும் சிறுவனுக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

செய்யக் கூடாதவை

பின்னால் நின்று அடிப்பது முதல் தவறு. குதிரைக்குத் தெரியாத பகுதியிலிருந்து வலி வருகிறது, முன்னே இருட்டு. அது பக்கவாட்டில் பாயும் அல்லது உதைக்கும். இருவர் மூவர் சேர்ந்து கயிற்றைப் பிடித்து இழுப்பதும் பயன் தராது. 350 கிலோ எடையுள்ள விலங்கோடு கயிறு இழுத்து வென்றவர் இல்லை. தலையில் இழுவை விழுந்தால் குதிரை இயல்பாகவே எதிர்த்து இழுக்கும், பின் உட்கார்ந்து மல்லாந்து விழவும் கூடும்.

பிடிகயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது விரலையும் மணிக்கட்டையும் இழக்கும் வழி. கயிற்றை மடித்துப் பிடிக்க வேண்டும், சுற்றக் கூடாது. கழுத்தில் சுருக்குக் கயிறு போட்டு இழுப்பது மூச்சை அடைக்கும். குறுகிய வாசலில் குதிரையும் ஆளும் ஒரே நேரத்தில் நுழைந்தால் ஆள் நிலையோடு நசுங்குவார்.

கண்ணைக் கட்டி உள்ளே கொண்டுபோவது நம் ஊர்களில் கேட்கப்படும் யோசனை. தீப்பற்றிய லாயத்திலிருந்து வெளியேற்ற இது உதவலாம். நாள்தோறும் செய்தால் குதிரைக்கு லாயத்தின் மீதுள்ள அச்சம் கூடுமே தவிரக் குறையாது. அடிபட்ட கால் படியில் இடறும் வாய்ப்பும் அதிகம்.

1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி விலங்கை அடித்துத் துன்புறுத்துவதும், காயத்தோடு வேலை வாங்குவதும், நியாயமற்ற நேரம் குறுகிய கயிற்றில் கட்டி வைப்பதும் குற்றம் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

உள்ளே அழைத்துச் செல்லும் முறை

முதலில் லாயத்தைச் சரி செய்ய வேண்டும். நடுத்தரக் குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி இடம் வேண்டும். நாட்டு மட்டக்குதிரைக்கு 10 அடிக்கு 10 அடி போதும். வாசல் 4 அடி அகலமாவது இருக்கட்டும். நிலையின் ஓரங்களில் சாக்குப் பொதியோ பழைய டயர் ரப்பரோ கட்டினால் இடுப்பு இடிக்காது. பின்சுவரில் ஒரு திறப்பு இருந்தால் உள்ளே வெளிச்சமும் காற்றும் வரும். குதிரைக்கு உள்ளிடம் தெரியும். திறப்பு இல்லையெனில், வருவதற்குச் சற்று முன்பே உள்ளே விளக்கைப் போட்டுவிடலாம். வாசலில் பள்ளமோ படியோ இருந்தால் மண் கொட்டிச் சரிவாக்குவது ஒரு மணி நேர வேலை. சிமெண்டுத் தரையென்றால் கெட்டியான ரப்பர் விரிப்பும் அதன் மேல் மரத்தூள் அல்லது உமியும் பரப்பலாம்.

உள்ளே குதிரைக்குப் பிடித்த ஒன்று காத்திருக்க வேண்டும். நடைக்குப் போகும் முன் தீவனம் முழுவதையும் கொடுத்துவிட்டால் திரும்பி வர அதற்குக் காரணமே இல்லை. நடை முடிந்த பிறகு கிடைக்கும்படி உலர்புல்லை லாயத்துக்குள் வைக்கலாம். ஆளைத் தேடும் குதிரைக்குத் துணை வைப்பது பழைய வழக்கம். பந்தய லாயங்களில் பதற்றமான குதிரைக்கு ஆட்டைத் துணையாகக் கட்டுவது உலகெங்கும் உண்டு. ஆடு இல்லாத வீடு அரிதான பெரம்பலூர்ப் பக்கத்தில் இதற்குச் செலவே இல்லை. ஆனால் குதிரையும் ஆடும் ஒன்றையொன்று வேலி இடைவெளியில் சில நாள் பார்த்துப் பழகிய பிறகே ஒன்றாக விட வேண்டும்.

அழைத்துச் செல்பவர் மூடிய செருப்போ காலணியோ அணிந்து, குதிரையின் தோள் அருகே நடக்க வேண்டும். வாசலுக்குச் சில அடி முன்பே நின்று குதிரைக்குப் பார்க்க நேரம் தர வேண்டும். தலையைத் தாழ்த்தி முகர்ந்து பார்க்க விட வேண்டும். அது தெரியாத இடத்தை அப்படித்தான் அளக்கிறது. பிறகு பிடிகயிற்றில் மெல்லிய, ஒரே சீரான இழுவை தர வேண்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. குதிரை ஓர் அடி வைத்தால், அல்லது எடையை முன்னே சாய்த்தால் கூட, அந்தக் கணமே கயிற்றைத் தளர்த்த வேண்டும். முழுப் பயிற்சியும் இந்தத் தளர்வில்தான் இருக்கிறது. முன்னே வந்தால் இழுவை நிற்கும் என்பதைக் குதிரை புரிந்துகொண்டால் அடுத்த அடியைத் தானே வைக்கும். இழுவையைக் கூட்டுவதால் அது கற்பதில்லை. சரியான நேரத்தில் விடுவதால் கற்கிறது.

பின்வாங்கினால் கயிற்றை விட்டுவிடாமல், அதே அளவு இழுவையோடு கூடவே சில அடி நடக்க வேண்டும். அது நின்றதும் இழுவையைத் தளர்த்தி, மூச்சு விட்டு, மறுபடி தொடங்க வேண்டும். முன்னே நின்று அதன் முகத்தை உற்றுப் பார்க்காமல், தானும் உள்ளே போகும் திசையைப் பார்த்து நிற்பது நல்லது. வழக்கமான குதிரைப் பயிற்சியில் மறுக்கும் குதிரையைச் சிறு வட்டமாகச் சுற்றி மறுபடி கொண்டுவருவார்கள். காலில் அடிபட்ட குதிரைக்கு அது ஆகாது; இறுக்கமான வளைவு உள்பக்கக் காலை முறுக்கும். திருப்ப வேண்டியிருந்தால் அகலமாக, மெதுவாகத் திருப்ப வேண்டும்.

உள்ளே போனதும் கதவை உடனே சாத்தாமல் இருப்பது மிக முக்கியம். குதிரையை வாசல் பக்கம் திருப்பி நிறுத்தி, நெற்றியையும் கழுத்தையும் தடவி, ஒரு பிடி புல் கொடுத்து, மருத்துவர் அனுமதித்த நடை மிச்சமிருந்தால் மறுபடி வெளியே கூட்டி வந்து, மீண்டும் உள்ளே கொண்டுபோகலாம். நாளுக்கு 10 நிமிட நடை என்றால் அதில் கடைசி 3 நிமிடத்தை இப்படி நுழைந்து வெளியேறுவதற்கென்றே ஒதுக்கலாம். லாயத்துக்குள் போவது ஒவ்வொரு முறையும் சிறைப்படுவதில்லை என்ற எண்ணம் இப்படித்தான் ஏற்படும். தலைக்கயிற்றை அவிழ்க்கும்போது ஆள் கதவருகே இருந்து, குதிரையின் முகம் தன் பக்கம் இருக்கும்படி வைத்துக்கொண்டால் பின்னங்கால் உதையிலிருந்து தப்பலாம்.

நேரம், வழி, ஆள் மூன்றும் மாறாமல் இருந்தால் குதிரை அமைதியடையும். வெயிலும் ஈயும் குறைந்த விடியற்காலை நல்ல நேரம். நடத்தும் தரையைத் தேர்ந்தெடுப்பதில் இந்த இரு மாவட்டங்களுக்கென்று ஒரு கவலை உண்டு. கரிசல் மண் ஐப்பசி, கார்த்திகை மழையில் வழுக்கி ஒட்டும். கோடையில் வெடித்துக் குளம்பு மாட்டும் பிளவுகளாகும். இரண்டுமே ஆறும் தசைநாணுக்கு எதிரி. கெட்டிப்பட்ட செம்மண் பாதையோ களமோ ஏற்றது. அரியலூர் பக்கத்தில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓடும் சாலைகளைத் தவிர்ப்பது குதிரைக்கும் ஆளுக்கும் நல்லது.

இத்தனைக்கும் பிறகு குதிரை அமைதிப்படாமல் தாவினால், அமைதிப்படுத்தும் மருந்து தருவதை மருத்துவர் முடிவு செய்வார். அது தோல்வியல்ல; பல குதிரைகளுக்கு ஓய்வின் முதல் வாரங்களைக் கடக்க மருந்து உதவியிருக்கிறது. ஆனால் கடையில் கேட்டு வாங்கிப் போடும் விஷயம் அன்று. இவ்வகையில் பரவலாகப் பயன்படும் அசிபுரோமசின், காயடிக்காத ஆண் குதிரைகளில் அரிதாகக் குறியைச் செயலிழக்கச் செய்யும்.

ஓய்வில் தீவனம்

உள்ளே போக மறுப்பதற்கும் தீவனத்துக்கும் தொடர்பு உண்டு. உழைக்கும் குதிரைக்குத் தந்த தானியத்தை நிற்கும் குதிரைக்கும் தந்தால் அது துள்ளும், கடிக்கும், வாசலில் தாவும். அதைவிடக் கெடுதல் உடலுக்குள் நடக்கும். வண்டிக் குதிரைகளில் பழங்காலம் முதல் அறியப்பட்ட 'திங்கட்கிழமை நோய்' என்பது இதுதான்: ஞாயிறு முழுவதும் நின்றபடி முழுத் தானியமும் தின்ற குதிரை, திங்கள் காலை பூட்டியதும் தொடைத் தசைகள் கல்லாக இறுகி, காப்பி நிறத்தில் சிறுநீர் கழித்து நின்றுவிடும்.

எனவே ஓய்வு தொடங்கிய அன்றே தானியத்தை வெகுவாகக் குறைத்து, நார்த் தீவனத்தை முதன்மையாக்க வேண்டும். உடல் எடையில் குறைந்தது 1.5 விழுக்காடு அளவு உலர் தீவனம் வேண்டும். 350 கிலோ குதிரைக்கு ஏறத்தாழ 5 கிலோவுக்கு மேல். அதை ஒரே வேளையாகப் போடாமல் பல வேளையாக, சிறு கண்ணி வலையில் கட்டித் தொங்கவிட்டால் நெடுநேரம் கொறிக்கும்; நேரமும் போகும். கொள்ளு கொடுத்தால் ஊறவைத்தோ வேகவைத்தோ சிறிதளவே போதும். நாள்தோறும் 25 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். கோடையில் இன்னும் கூடும். அசைவு குறைந்த குடலில் வைக்கோல் அடைத்துச் சூலை வருவது லாய ஓய்வின் முதல் ஆபத்து. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அது வயிற்றைத் திரும்பிப் பார்த்தாலும், காலால் தரையைப் பிராண்டினாலும், படுத்துப் புரண்டாலும், சாணம் போடாமல் இருந்தாலும் மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

பெரம்பலூர் மக்காச்சோளத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பெயர் பெற்ற மாவட்டம். இரண்டுமே குதிரைக்காரர் கவனிக்க வேண்டியவை. ஈரத்தில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தில் உருவாகும் ஃபியூமோனிசின் என்ற நஞ்சு குதிரையின் மூளையை உருக்கிக் கொன்றுவிடும். அதே சோளம் மாட்டை அந்த அளவு பாதிப்பதில்லை என்பதால் 'மாடு தின்கிறதே' என்று போட்டுவிடுகிறார்கள். வெங்காயத் தாளும் கழிவும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மாட்டுக்கென்று வளர்க்கும் நேப்பியர் வகைப் புல்லில் ஆக்சலேட்டு அதிகம். மாதக்கணக்கில் அதை மட்டுமே தின்னும் குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்து சேராமல் எலும்பு பலவீனமாகும். எலும்பு விரிசலுக்காக நிறுத்திய குதிரைக்கு அதையே போடுவது எதிர்மறையான வேலை. அறுகம்புல், உலர்ந்த கடலைக்கொடி ஆகியவற்றை மாற்றிக் கொடுக்கலாம். கடலைக்கொடியில் பூசணமும் மண்ணும் இல்லாமல் உதறித்தான் போட வேண்டும்.

நாள்தோறும் குளம்பைச் சுத்தம் செய்து, நான்கு குளம்பிலும் கை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். அடிபட்ட காலைக் காக்கும் பொருட்டு மறுகால் எடை முழுவதையும் சுமந்து, அந்தக் குளம்பில் அழற்சி வருவதுண்டு. காயத்தை விட இதுவே உயிரை எடுத்துவிடும். டெட்டனஸ் என்னும் இரணஜன்னிக்குக் குதிரையைப் போல் எளிதில் இரையாகும் விலங்கு வேறில்லை. காயம் பட்டவுடன் தடுப்பூசி நிலவரத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

உடம்பை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நிற்பது, கதவுக் கட்டையைக் கடித்துக் காற்றை விழுங்குவது, சுவர் ஓரமாகச் சுற்றிச் சுற்றி வருவது ஆகியவை சலிப்பின் அடையாளங்கள். அதற்காக அடிப்பதும் பூட்டுப் போடுவதும் மருந்தல்ல. தேய்த்துவிடுவது, வெளியே பார்க்க வழி செய்வது, தீவன வேளைகளைக் கூட்டுவது, துணை தருவது ஆகியவை ஓரளவு உதவும். இவை பழகிவிட்டால் ஓய்வு முடிந்த பின்னும் நிற்பதில்லை.

தமிழ்நாட்டு வரலாற்றில்

தமிழ்நாட்டின் தட்பவெப்பம் குதிரை இனப்பெருக்கத்துக்கு ஏற்றதன்று. எனவே சங்க காலம் முதலே குதிரைகள் கடல் வழியே வந்தன. அரியலூர் மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய முதலாம் இராசேந்திரன் (1014–1044) காலத்திலும் அதற்குப் பின்னும் படைக்குக் குதிரை வெளியிலிருந்தே வாங்கப்பட்டது. மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் சோழர் கல்வெட்டுகளில் இடம்பெறுகின்றனர்.

வாங்கிய குதிரைகளை எப்படி வைத்துக்கொண்டோம் என்பது அவ்வளவு பெருமைக்குரிய செய்தியன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் 2000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியும் ஆண்டு முடிவில் மிகச் சிலவே மிஞ்சின என்கிறார். குதிரை மருத்துவம் அறிந்தவர் இங்கு இல்லை என்றும், விற்பனை குறையாதிருக்க வணிகர்களே அத்தகையோரை வரவிடவில்லை என்றும் எழுதுகிறார். குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுத்ததாகவும் குறிப்பு உள்ளது. அடுத்த தலைமுறையில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் தரும் செய்தி இக்கட்டுரையின் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. வந்திறங்கிய குதிரைகளைக் கொழுக்க வைப்பதற்காக 40 நாள் முளையடித்துக் கயிறுகளால் லாயத்தில் கட்டிப்போட்டு, வறுத்த தானியமும் நெய்யும் காய்ச்சிய பாலும் கொடுத்து, பிறகு எந்தப் பயிற்சியும் இன்றி ஏறி விரட்டினார்கள் என்றும், சிறந்த குதிரைகள் சிறிது காலத்தில் ஒன்றுக்கும் உதவாமல் போயின என்றும் அவர் எழுதியுள்ளார். அயல்நாட்டார் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் அசைவற்ற 40 நாள், கொழுப்பும் தானியமும் மிகுந்த தீவனம், அதன் பின் திடீர் ஓட்டம் என்ற வரிசையை இன்றைய கால்நடை மருத்துவர் ஒருவரிடம் சொன்னால், குளம்பு அழற்சியும் சூலையும் தசை இறுக்கமும் வந்திருக்கும் என்று உடனே சொல்வார்.

அறிவு அடியோடு இல்லாமலும் இல்லை. சாலிகோத்திரர், நகுலன் பெயர்களில் வழங்கும் வடமொழி அசுவ சாத்திரங்கள் குதிரையின் குணம், நோய், லாயம் பற்றிப் பேசுகின்றன. நகுலன் பெயரிலுள்ள அசுவ சாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952-இல் வண்ணப் படங்களுடன் வெளியிட்டது.

மருத்துவ உதவி

பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்தார் முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையை அணுக வேண்டும். மேல் சிகிச்சைக்கு நாமக்கல், ஒரத்தநாடு ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகள் ஓரளவு அருகில் உள்ளன. 1903-இல் தொடங்கப்பட்ட சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி தொலைவில் இருந்தாலும் நீண்ட அனுபவம் கொண்டது. 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தியை அழைக்கலாம். அடிபட்ட குதிரையை மினி லாரியில் ஏற்றுவதும் லாயத்தில் நுழைப்பதைப் போன்றதே. ஓய்வு நாட்களில் வாசலில் கற்ற பாடம் அப்போது கைகொடுக்கும்.

வெளியே விடும் நாள்

ஓய்வு முடிந்துவிட்டது என்று ஒரே நாளில் திறந்த வயலில் அவிழ்த்துவிடக் கூடாது. மாதக்கணக்கில் அடைபட்ட குதிரை முதல் நிமிடத்திலேயே நாலு கால் பாய்ச்சலில் ஓடி, துள்ளி, திடீரென்று திரும்பும். ஆறிய இடம் அங்கேயே அறும். லாயத்தை ஒட்டி, லாயத்தைப் போல் இரண்டு மடங்கு அளவில் மூங்கில் அல்லது கம்பு வேலி கட்டி, முதலில் அதற்குள் விட வேண்டும். முள்கம்பி ஆகாது. பசியோடு விட்டால் புல்லைத் தேடித் தலை குனியும், ஓடும் எண்ணம் குறையும். ஆகவே அன்று காலைத் தீவனத்தை உள்ளே வைக்காமல் வேலிக்குள் பரப்பி வைப்பார்கள். துணை ஆட்டை முன்கூட்டியே அங்கே கட்டிவிடலாம். சில வாரங்களில் வேலியை அகலப்படுத்திக்கொண்டே போய், மருத்துவர் காலை மறுபடி பார்த்துச் சொன்ன பிறகே சேணமோ வண்டியோ. அது வரை இரவில் குதிரை லாயத்துக்குத்தான் திரும்ப வேண்டும்.